கம்ப்யூட்டர் பதிவேட்டுக்குப் படியெடுப்பது எப்படி?

நம் சங்கத்தின் உறுப்பினர் பதிவேடும் நூலகப் பட்டியலும் கம்ப்யூட்டருக்கு மாறிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவற்றைக் கவனித்துக்கொள்ளும் வேலை என்னிடம் வந்து சேர்ந்தது. நான் படித்தது சிவில் டிப்ளமா. உத்தியோகம் முழுவதும் தண்டவாளப் பராமரிப்பில் கழிந்தது. கம்ப்யூட்டரை எந்த வகுப்பிலும் உட்கார்ந்து படித்ததில்லை. தேவை வந்தபோது கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதுதான். செயற்குழுக் கூட்டத்தில் “பேக்கப் எடுத்தாயிற்றா?” என்று ஒருவர் கேட்பார், “எடுத்தாயிற்று” என்று பதில் வரும், அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவோம். அந்த ஒற்றைச் சொல்லுக்குள் எவ்வளவு விஷயம் அடங்கியிருக்கிறது என்பதை அன்பர்களுக்குச் சொல்லலாம் என்று தோன்றியதால் இக்கட்டுரை.

முதலில், எதைக் காப்பாற்றப் போகிறோம் என்று பார்ப்போம். உறுப்பினர் பதிவேட்டில் பெயர், முகவரி, சந்தா ஆகியவற்றோடு ‘பூர்வீக ஊர்’ என்றும் ஒரு பத்தி உண்டு. கல்லிடைக்குறிச்சி, தென்காசி, ஆரல்வாய்மொழி, வள்ளியூர் என்று அதில் ஊர்கள் வரிசையாக நிற்கும். திருவனந்தபுரத்துக்கு வந்து மூன்று தலைமுறை ஆன வீடுகளில் இந்த ஊர்ப் பெயர் இப்போது பெரியவர் ஒருவரின் நினைவில் மட்டும் இருக்கும்; அவரும் போய்விட்டால் நம் பதிவேட்டில் மட்டும் இருக்கும். துபாயில் வேலை பார்க்கும் ஒரு பெண், தன் தாத்தா எந்த ஊரிலிருந்து இங்கே வந்தார், குலதெய்வக் கோயில் எங்கே என்று கேட்டு எழுதியிருந்தார். அவருடைய வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. பதிவேட்டைத் தேடியதும் ஊர் கிடைத்தது. சந்தா பாக்கி எவ்வளவு என்ற கணக்கு தொலைந்தால் சங்கம் பிழைத்துக்கொள்ளும். இந்தப் பத்தி தொலைந்தால் திரும்ப எழுத ஆள் கிடையாது.

இந்தப் பதிவேடு கம்ப்யூட்டரில் எந்த உருவில் இருக்கிறது? சாலைக் கடைத்தெருவில் கடை வைத்திருந்த குடும்பத்தாருக்கு இதைப் புரியவைப்பது சுலபம். அந்தக் காலக் கணக்கில் குறிப்பேடு தனி, பேரேடு தனி. குறிப்பேட்டில் அன்றாட வரவு செலவை எழுதி, பக்கத்திலேயே பேரேட்டின் பக்க எண்ணைப் போட்டுவிடுவார்கள். ஆளின் ஊர், விலாசம் எல்லாவற்றையும் ஒவ்வொரு வரியிலும் எழுத வேண்டியதில்லை. அந்த எண் போதும். ரிலேஷனல் டேட்டாபேஸ் என்பதும் அடிப்படையில் இதுவே. தகவலைத் தனித்தனி அட்டவணைகளாகப் பிரித்து, எண்களால் ஒன்றோடொன்று தொடர்புபடுத்துவது. ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட் என்ற ஆங்கிலேயர் 1970இல் வெளியிட்ட ஒரு கட்டுரையில் இதற்குக் கணித அடிப்படை அமைத்துக் கொடுத்தார். நம் பதிவேட்டில் ‘குடும்பம்’ ஓர் அட்டவணை, ‘சந்தா’ ஓர் அட்டவணை, ‘நூல்’ ஒன்று, ‘இரவல்’ ஒன்று. இரவல் அட்டவணையில் குடும்பத்தின் எண்ணும் நூலின் எண்ணும் தேதியும் மட்டுமே இருக்கும். எண் கலைந்தால் யார் எந்தப் புத்தகத்தை வைத்திருக்கிறார் என்பது பிரம்மாவுக்கும் தெரியாது.

இனி படியெடுப்பதற்கு வருவோம். டேட்டாபேஸ் ஒரு ஃபைலாகத்தானே இருக்கிறது, அதை அப்படியே பென் டிரைவில் போட்டுக்கொண்டால் போதாதா என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. வேறொரு மாநிலத்தில் இருக்கும் தமிழ் அமைப்பு ஒன்றில் (பெயர் வேண்டாம்) வாரந்தோறும் அப்படித்தான் செய்துவந்தார்கள். ஒரு நாள் ஹார்டு டிஸ்க் நின்றுபோயிற்று. பென் டிரைவில் இருந்த ஃபைலைத் திறந்தால் திறக்கவில்லை. எழுத்தர் பதிவேட்டைத் திறந்துவைத்து ரசீது பதிந்துகொண்டிருக்கும்போதே இன்னொருவர் ஃபைலை நகல் எடுத்திருக்கிறார். இப்படிப்பட்ட நேரத்தில் டேட்டாபேஸ், புதிய வரிகளில் சிலவற்றை முதன்மை ஃபைலிலும் சிலவற்றைப் பக்கத்தில் இருக்கும் ஒரு துணை ஃபைலிலும் வைத்திருக்கும். இரண்டும் சேர்ந்தால்தான் கணக்கு முழுமை. ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு போவது, நடவு முடியாத வயலில் அறுவடைக்கு நிற்பது போல.

இன்னொரு சிக்கலும் உண்டு. அந்த ஃபைலைப் படிக்க அதே மென்பொருள் வேண்டும், பல சமயம் அதே பதிப்பு வேண்டும். இருபது ஆண்டுக்கு முந்தைய ஃபைலை இன்று திறக்க முயன்று பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

கோட்டைப் பகுதியில் உள்ள மத்திய ஆவணக் காப்பகத்தில் திருவிதாங்கூர் அரசின் ஓலை ஆவணங்கள் இருக்கின்றன. ஒரு கோடிக்கும் மேற்பட்ட ஓலைகள், சுருணை சுருணையாக. 2022 டிசம்பரில் அங்கே ஓலை ஆவண அருங்காட்சியகமும் திறந்தார்கள். பார்க்காதவர்கள் குழந்தைகளை அழைத்துக்கொண்டு ஒரு முறை போய்வரலாம். ஓலைக்கு ஆயுள் உண்டு. பூச்சி அரிக்கும், முறியும். அதனால் நம் முன்னோர் ஏடு பெயர்த்து எழுதினார்கள். பழைய ஏட்டை ஒருவர் படிக்க, இன்னொருவர் புதிய ஓலையில் எழுதுவார். ஓலை மாறும், எழுத்தாணி மாறும், எழுதுபவர் மாறுவார். விஷயம் மட்டும் தொடரும். டேட்டாபேஸுக்கும் இந்த முறைதான் சரியான முறை. ஃபைலை அப்படியே தூக்கிக்கொண்டு போகாமல், உள்ளே இருப்பதை ஒரு புரோகிராம் வரி வரியாகப் படித்து, யாரும் படிக்கக்கூடிய சாதாரண எழுத்து ஃபைலாக எழுதிவைக்க வேண்டும். இதற்குக் கம்ப்யூட்டர்காரர்கள் வைத்திருக்கும் பெயர் ‘டம்ப்’. மண்ணைக் கொட்டுவது போன்ற பெயர். வேலை அதைவிட நேர்த்தியானது.

அந்த ஃபைலைத் திறந்தால் உள்ளே என்ன தெரியும்? முதலில் ‘குடும்பம் என்றோர் அட்டவணை உண்டாக்கு, அதில் எண், பெயர், ஊர், சேர்ந்த ஆண்டு என்று பத்திகள்’ என்பதாக ஒரு கட்டளை. அடுத்து ஒவ்வொரு உறுப்பினருக்கும் ஒரு வரி. உதாரணத்துக்கு, ‘குடும்பம் அட்டவணையில் செருகு: 118, சுப்பிரமணியன், தென்காசி, 1974’. கட்டளைச் சொற்கள் ஆங்கிலத்தில், எஸ்.க்யூ.எல். என்னும் மொழியில் இருக்கும். நம் தகவல் தமிழிலேயே இருக்கும். இந்த ஃபைலை ஒரு காலி டேட்டாபேஸுக்குக் கொடுத்தால், அது வரி வரியாகப் படித்துப் பதிவேட்டைத் திரும்பக் கட்டிவிடும். மென்பொருள் ஒன்றுமே இல்லாத நிலையிலும், சாதாரண நோட்பேடில் திறந்து 118ஆம் எண்காரரின் ஊர் தென்காசி என்று கண்ணால் படித்துவிடலாம். ஐம்பது ஆண்டு கழித்துத் திறப்பவருக்கு இது பெரிய உபகாரம்.

இதைச் செய்யும் புரோகிராம் நீளமானதன்று. நம் பதிவேடு எஸ்க்யூலைட் என்னும் இலவச டேட்டாபேஸில் இருக்கிறது. ரிச்சர்ட் ஹிப் என்ற அமெரிக்கர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்டது. உங்கள் கையிலுள்ள ஆண்ட்ராய்டு செல்போனுக்குள்ளும் இதுவே ஓடுகிறது. பைத்தான் மொழியில் இதற்கு ‘இட்டர்டம்ப்’ என்று தயார் நிலையில் ஒரு கருவி உண்டு. டேட்டாபேஸைத் திற; தேதியைப் பெயரில் சேர்த்து ஒரு புதிய எழுத்து ஃபைலைத் திற; இட்டர்டம்ப் தரும் ஒவ்வொரு வரியையும் அதில் எழுது; இரண்டையும் மூடு. இவ்வளவுதான். கேரளப் பள்ளிகளில் படிக்கும் நம் பேரப்பிள்ளைகள் பாடத்திலேயே பைத்தானைத் தொட்டிருப்பார்கள். ‘லிட்டில் கைட்ஸ்’ சங்கத்தில் இருக்கும் பையனையோ பெண்ணையோ கேளுங்கள், ஒரு மாலையில் எழுதிக் கொடுத்துவிடுவார்கள்.

அவர்களில் யாராவது தயார்க் கருவியை விட்டு, எல்லாவற்றையும் தானே எழுதிப் பார்க்க விரும்பினால் ரொம்ப நல்லது. ஆனால் சில இடங்களில் கால் இடறும். ‘டி'சூசா’ என்ற பெயரின் நடுவிலுள்ள ஒற்றை மேற்கோள் குறியைப் பார்த்ததும் பெயர் அங்கேயே முடிந்தது என்று டேட்டாபேஸ் நினைத்துக்கொள்ளும். ஆகவே அக்குறியை இரட்டித்து எழுத வேண்டும். நம் ஊர் எஸ்.டி.டி. எண் 0471. அதை எண்ணாகக் கருதி எழுதினால் முன்னால் உள்ள பூஜ்யம் உதிர்ந்து 471 ஆகிவிடும். எழுத்தாகக் கருதி மேற்கோளுக்குள் வைக்க வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமானது, ‘தெரியாது’ என்பதும் ‘காலி’ என்பதும் வேறு வேறு என்பது. மறைந்த தேதி என்ற பத்தியில் ஒன்றும் எழுதப்படாவிட்டால் அதை ‘நல்’ என்று குறிக்க வேண்டும். அவசரப்பட்டு எழுதிய புரோகிராம் ஒன்று அதைப் பூஜ்யமாக எழுதி, பிறகு இன்னொரு புரோகிராம் பூஜ்யத்தைத் தேதியாகப் படித்தால், திடகாத்திரமாக நடமாடும் மாமா ஒருவர் 1900 ஜனவரியில் காலமாகியிருப்பார்!

அட்டவணைகளின் வரிசையும் கவனிக்கத்தக்கது. குடும்பத்தை எழுதாமல் அதன் சந்தாவை முதலில் எழுதினால், அப்படியொரு குடும்பமே இல்லையே என்று டேட்டாபேஸ் மறுக்கக்கூடும். தரமான டம்ப் கருவிகள் இந்தச் சோதனையைத் தற்காலிகமாக நிறுத்திவைத்தோ, தொடர்புகளைக் கடைசியில் சேர்த்தோ சமாளிக்கின்றன. மேலும், படியெடுக்கும் வேலை முழுவதும் ஒரே ‘டிரான்ஸாக்‌ஷனுக்குள்’ நடக்க வேண்டும். அதாவது, தொடங்கிய நொடியில் பதிவேடு எப்படி இருந்ததோ அப்படியே கடைசி வரை படிக்க வேண்டும். நடுவில் ஒரு ரசீது பதிவானால், பாதி அட்டவணை பழையதும் பாதி புதியதுமாகக் கலந்துவிடக் கூடாது.

பெரிய அளவில் வேலை செய்பவர்களுக்கு வேறு கருவிகள் உண்டு. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸுக்கு ‘பிஜி டம்ப்’, மை-எஸ்க்யூஎல் டேட்டாபேஸுக்கு ‘மை-எஸ்க்யூஎல் டம்ப்’. கேரளத்தில் பல கல்லூரி நூலகங்களில் ஓடும் கோஹா என்ற நூலக மென்பொருள் இரண்டாவது வகையை நம்பியது. நியூசிலாந்தில் ஒரு சிறிய நூலக அமைப்புக்காக 1999இல் எழுதப்பட்டு, 2000 ஜனவரியில் ஓடத் தொடங்கியது அது. கோஹா என்றால் அந்நாட்டு மவோரி மொழியில் கொடை என்று பொருள். இன்றும் இலவசமாகக் கிடைக்கிறது.

தமிழர்களாகிய நமக்கு மட்டும் கூடுதலாக ஒரு கண்டம் உண்டு. யூனிகோடு முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டைச் சேமிக்க மூன்று பைட்டுகள் வேண்டும். ‘குமார்’ என்பதில் நம் கண்ணுக்கு எழுத்து மூன்று. கம்ப்யூட்டருக்குக் குறியீடு ஆறு, பைட்டு பதினெட்டு. மை-எஸ்க்யூஎல் போன்றவற்றில் படியெடுக்கும்போது எழுத்து முறை பழைய ஐரோப்பிய ‘லத்தீன்’ வகையில் அமைந்திருந்தால், தமிழ் எழுத்துக்கு அங்கே இடமே கிடையாது. ஒவ்வொன்றின் இடத்திலும் ஒரு கேள்விக்குறி விழும். ஃபைல் உருவாகும், எந்தப் பிழைச் செய்தியும் வராமலே போகலாம். திறந்து பார்த்தால் எண்கள் சரியாக இருக்கும். பெயரும் ஊரும் வெறும் கேள்விக்குறிகளாக நிற்கும். கேள்விக்குறியிலிருந்து தென்காசியைத் திரும்ப எடுக்க எந்த மந்திரமும் கிடையாது. ஆங்கிலத்தில் மட்டும் பதிவேடு வைத்திருப்பவர்கள் இதை வாழ்நாளில் உணரவே மாட்டார்கள். நமக்கு, படியெடுத்த ஒவ்வொரு முறையும் ஃபைலைத் திறந்து பத்துத் தமிழ்ப் பெயர்களைக் கண்ணால் படித்துப் பார்ப்பது கட்டாயம்.

தொண்ணூறுகளில் தட்டச்சு செய்த பட்டியல்களில் நிலைமை வேறு மாதிரி. அப்போது ஒவ்வொரு எழுத்துருவும் தனக்கென ஒரு முறை வைத்திருந்தது. ஃபைலுக்குள் இருப்பது உண்மையில் ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான். அந்த எழுத்துருவைப் போட்டால் மட்டுமே தமிழாகத் தெரியும். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்இணையம் 99 மாநாட்டில் பொது முறைகளைப் பரிந்துரைத்தார்கள். 2010இல் தமிழக அரசு யூனிகோடை ஏற்று ஆணை பிறப்பித்தது. அதற்கு முந்தைய பட்டியல்கள் வைத்திருப்பவர்கள், யூனிகோடுக்கு மாற்றிய படியோடு மூலத்தையும், எந்த எழுத்துரு என்ற குறிப்பையும், முடிந்தால் அந்த எழுத்துருவையுமே சேர்த்து வையுங்கள். கோட்டை ஆவணக் காப்பகத்தில் உள்ள ஓலைகள் வட்டெழுத்திலும் கோலெழுத்திலும் மலையாண்மையிலும் எழுதப்பட்டவை. ஓலை பத்திரமாக இருக்கிறது. படிக்கத் தெரிந்தவர்கள்தான் சிலர்.

சிறிய சங்கத்துக்கு இவ்வளவு கவனம் தேவையா என்று நினைப்பவர்களுக்கு ஒரு பெரிய இடத்துக் கதை. கிட்லேப் என்பது உலகெங்கும் புரோகிராம் எழுதுபவர்கள் தங்கள் வேலையைச் சேமித்து வைக்கும் நிறுவனம். 2017 ஜனவரி 31 இரவு, அங்கே பொறியாளர் ஒருவர் துணைக் கம்ப்யூட்டரில் அழிக்க வேண்டியதை முதன்மைக் கம்ப்யூட்டரில் அழித்துவிட்டார். ஓரிரு நொடிகளில் உணர்ந்து நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 ஜிகாபைட்டில் எஞ்சியது சுமார் 4.5 ஜிகாபைட். சரி, பேக்கப் இருக்கிறதே என்று போய்ப் பார்த்தால் பெட்டி காலி. தினமும் பிஜி டம்ப் ஓடத்தான் செய்தது. ஆனால் டேட்டாபேஸ் 9.6ஆம் பதிப்பு, டம்ப் கருவி 9.2ஆம் பதிப்பு. பதிப்பு பொருந்தாததால் ஒவ்வொரு முறையும் பிழை சொல்லி நின்றிருக்கிறது. பிழையைத் தெரிவிக்க வேண்டிய மின்னஞ்சலும், அனுப்புநர் சரிபார்ப்பில் தள்ளப்பட்டு யாரையும் வந்தடையவில்லை. ஆறு மணி நேரம் முன்பு வேறொரு காரியத்துக்காக ஒருவர் எடுத்துவைத்திருந்த பிரதி கைகொடுத்ததால் மற்றவை தப்பின. நடுவில் சேர்ந்தவை போனவைதான். அந்நிறுவனம் எதையும் மறைக்காமல் முழு விவரத்தையும் வெளியிட்டது. அது பாராட்டத்தக்கது, ரயில் விபத்து விசாரணை அறிக்கையைப் படிப்பது போல நான் அதைப் படித்தேன்.

எங்கள் துறையில், தண்டவாளம் மாற்றிய மறுநிமிடமே எக்ஸ்பிரஸை முழு வேகத்தில் விடமாட்டார்கள். கேஷன் ஆர்டர் கொடுத்து முதலில் மெதுவாக ஓட்டுவார்கள், அளப்பார்கள், படிப்படியாக வேகத்தைக் கூட்டுவார்கள். படியெடுத்த ஃபைலும் அப்படியே. வேறொரு கம்ப்யூட்டரில் காலி டேட்டாபேஸ் ஒன்றைத் திறந்து, அந்த ஃபைலைக் கொடுத்துப் பதிவேட்டைத் திரும்பக் கட்டிப் பார்க்க வேண்டும். மூலத்தில் எத்தனை குடும்பம், கட்டியதில் எத்தனை? சந்தாத் தொகையின் கூட்டல் இரண்டிலும் ஒன்றா? கடைசியாகச் சேர்ந்த உறுப்பினர் இருக்கிறாரா? இந்தச் சோதனைக்கு அரை மணி நேரம் ஆகும். இதைச் செய்யாதவரை உங்களிடம் இருப்பது ஒரு ஃபைல் மட்டுமே. அதைப் பேக்கப் என்று நான் கணக்கில் எழுதுவதில்லை.

ஃபைலை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு அனுப்பும்போது எழுத்து சிதையாமல் போய்ச் சேர்ந்ததா என்று அறியவும் வழி இருக்கிறது. வண்டிக்கு லைன் கிளியர் கொடுக்கும்போது இரு ஸ்டேஷன் மாஸ்டர்களும் ‘பிரைவேட் நம்பர்’ பரிமாறிக்கொள்வார்கள். சொன்னதும் கேட்டதும் ஒன்றே என்பதற்கு அது அத்தாட்சி. இங்கே ‘ஷா 256’ என்றொரு கணக்கு. ஃபைல் முழுவதையும் படித்து 64 எழுத்து நீளத்தில் ஒரு முத்திரை தரும். ஒரே ஒரு புள்ளி மாறினாலும் முத்திரை அடியோடு மாறிவிடும். அனுப்பியவரின் முத்திரையும் பெற்றவரின் முத்திரையும் ஒத்திருந்தால் ஃபைல் முழுசாக வந்திருக்கிறது.

எங்கே வைப்பது? 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் கேரளத்தில் எத்தனையோ குடும்பங்களின் சான்றிதழ்கள் நீரோடு போயின. அரசு அதாலத் நடத்தி மாற்றுச் சான்றிதழ் கொடுத்தது. அரசு அலுவலகத்தில் இன்னொரு பதிவு இருந்ததால் அது முடிந்தது. 1981 ஜூன் மாதத் தொடக்கத்தில் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணம் பொது நூலகத்தில் சுமார் 97,000 நூல்கள் இருந்தன. அவற்றோடு எரிந்த சுவடிகளில் வேறு படி இல்லாதவையும் உண்டு. ஆகவே நம் படிகள் மூன்று இடங்களில் இருக்கின்றன. ஒன்று சங்க அலுவலகத்தில், ஒன்று பொருளாளர் வீட்டில், மூன்றாவது கேரளத்துக்கு வெளியே, மதுரையில் வசிக்கும் நம் பழைய உறுப்பினர் ஒருவரிடம்.

யாரும் படிக்கக்கூடிய எழுத்து ஃபைல் என்பதில் ஆபத்தும் இருக்கிறது. எல்லோருடைய முகவரியும் டெலிபோன் எண்ணும் அதில் உண்டு. ஆகவே வெளியே போகும் படிகளைப் பூட்டி, அதாவது கடவுச்சொல் போட்டு மறைத்தே அனுப்புகிறோம். கடவுச்சொல்லை ஒரே ஆள் மட்டும் அறிந்திருந்தால் அதுவும் வம்பு, எனக்கும் வயதாகிறது. எழுதி, உறையில் ஒட்டி, செயலாளரிடமும் பொருளாளரிடமும் கொடுத்திருக்கிறேன்.

இப்போது ஞாயிறு இரவுதோறும் புரோகிராம் தானாக ஓடிப் படியெடுக்கிறது. பழைய படிகளை உடனே அழிப்பதில்லை. பன்னிரண்டு மாதப் படிகளை வைத்திருக்கிறோம், ஏனென்றால் தவறான திருத்தம் ஒன்று பல மாதம் கழித்தே கண்ணில் படக்கூடும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை திரும்பக் கட்டிப் பார்க்கும் சோதனை. அடுத்த சோதனை வரும் மாதம் முதல் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு, நூலக அறையில். வீட்டுக் கணக்கையோ குடும்ப வரலாற்றையோ கம்ப்யூட்டரில் வைத்திருக்கும் அன்பர்கள் தங்கள் ஃபைலோடு வரலாம். அன்று பூர்வீக ஊர்ப் பத்தி காலியாக இருக்கும் குடும்பங்களின் பட்டியலையும் எடுத்து வைத்திருப்பேன். வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுக்கொண்டு வந்தால் அங்கேயே பதிந்துவிடலாம்.